உயிரின் ஏட்டைப் படித்தல்
உயிர்த்தகவலியல் பட்டப்படிப்பு: கண்டிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஓர் அறிமுகம்

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் அக்குறணை, மடவளை, கம்பளை, கல்ஹின்னைப் பக்கத்து வீடுகளில், உயிரியல் பிரிவில் படித்த பிள்ளையிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மெடிசின் கெடைக்குமா?" இசட் புள்ளி வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் வீடு கந்தூரி வீடாகிவிடும். சற்றுக் குறைந்தாலோ பிள்ளை இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று டியூஷன் வகுப்புக்கும் வீட்டுக்கும் நடையாய் நடக்கும். மூன்றாம் தரமும் சரிவராவிட்டால் "என்னத்தையாவது படி" என்ற பேச்சு வரும். மூன்று வருடம் உயிரியலும் இரசாயனவியலும் கரைத்துக் குடித்த ஒரு பிள்ளையின் அறிவு அந்த 'என்னத்தையாவது' என்ற சொல்லோடு வீணாகிப் போகிறது.

உயிரியல் படித்தவருக்கு மருத்துவம் தவிர வேறு வழிகளும் உண்டு. விவசாயம், விலங்கு மருத்துவம், தாதியியல், மருந்தாக்கவியல் எல்லாம் ஓரளவு நம்மவருக்குத் தெரிந்தவை. இக்கட்டுரை அதிகம் தெரியாத ஒரு வழியைப் பற்றியது. அதன் பெயர் உயிர்த்தகவலியல். 'பயோஇன்ஃபோமெட்டிக்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரில் சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். தமிழ் சிறப்புப் பட்டம் பெற்ற ஒருவர் இதை எழுத என்ன நியாயம் என்று வாசகர் கேட்கலாம். இந்தத் துறையின் அடிப்படை வேலை வாசிப்புதான். பழைய ஏட்டை எழுத்தெண்ணிப் படிப்பவர் செய்யும் காரியத்தை இவர்கள் உயிரணுவின் எழுத்தில் செய்கிறார்கள். அந்த வகையில் எட்டி நின்று பார்க்கும் அந்நியன் அல்லன் நான்.

நாலே எழுத்துள்ள மொழி

உயிருள்ள ஒவ்வொரு கலத்திலும் டீ.என்.ஏ. என்ற நீண்ட இழை இருப்பதை சாதாரண தர விஞ்ஞானப் புத்தகமே சொல்கிறது. அந்த இழையில் நான்கு வகை மூலங்கள் மாறி மாறி வருகின்றன. ஏ, ரீ, ஜீ, சீ என்று அவற்றைக் குறிக்கிறார்கள். தமிழுக்கு 247 எழுத்து, அரபுக்கு 28. உயிருக்கோ நான்கே எழுத்து. அந்த நான்கை வைத்து எழுதப்பட்ட மனிதனின் முழு ஏட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. பக்கத்துக்கு 3,000 எழுத்து வீதம் அச்சிட்டால் பத்து இலட்சம் பக்கம் வரும். 300 பக்கப் புத்தகங்களாகக் கட்டினால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள்.

மனித ஏட்டைப் படிக்கும் சர்வதேசத் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்தது. பதின்மூன்று வருட வேலை. செலவு கோடிக்கணக்கான டொலர். இன்று ஒரு மனிதனின் ஏட்டை ஆயிரம் டொலருக்கும் குறைவாகச் சில நாட்களில் எழுத்தெழுத்தாக எடுத்துவிடலாம். ஆக, எழுத்தை எடுப்பது இப்போது பெரிய சிரமமில்லை. எடுத்த எழுத்தின் பொருளை அறிவதே சிரமம். மனிதக் கண்ணால் அது ஆகாது, கணினி வேண்டும். கணினிக்கு என்ன தேடுவது, எப்படித் தேடுவது என்று சொல்ல உயிரியல் தெரிந்த ஆள் வேண்டும். கிடைத்த விடை உண்மையா தற்செயலா என்று பிரிக்கப் புள்ளிவிபரவியல் வேண்டும். இம்மூன்றும் சேருமிடம்தான் உயிர்த்தகவலியல்.

துறை அவ்வளவு புதியதும் அல்ல. மார்கரெட் டேஹொஃப் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, அதுவரை அறியப்பட்ட புரதங்களின் எழுத்து வரிசைகளைத் தொகுத்து 1965இல் ஒரு நூலாக வெளியிட்டார். இன்றைய மாபெரும் தரவுத்தளங்களுக்கு அது முன்னோடி. அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1963இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் புரத இழை எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய முடியாது என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் தந்தார்கள். 'இராமச்சந்திரன் வரைபடம்' என்ற பெயரில் உலகெங்கும் இத்துறை மாணவர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள். தமிழ் பேசும் மண்ணிலிருந்து போன பங்கு இது.

சொல் பிரித்தல்

ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அதில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் இல்லை. படிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். 'பலகை' என்று இருந்தால் அது ஒரு மரப்பலகையா, 'பல கை'யா என்பதை முன்பின் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆரம்பகால அரபு எழுத்திலும் நுக்தா இல்லாத பிரதிகள் இருந்தன. ஓதத் தெரிந்தவருக்கே அவை வசப்பட்டன.

டீ.என்.ஏ.யும் இடைவெளியில்லாத ஏடுதான். மும்மூன்று எழுத்தாகப் பிரித்துப் படித்தால் ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோவமிலத்தைக் குறிக்கும். அமினோவமிலங்கள் கோத்துப் புரதமாகும். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் ஓர் எழுத்து தவறினாலும் அதன்பின் வரும் ஒவ்வொரு மூன்றும் பிழையாகும். போதாக்குறைக்கு, பரம்பரையலகின் நடுவே புரதத்துக்கு வேண்டாத பகுதிகளும் வருகின்றன; கலம் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டுகிறது. எங்கே வெட்டுவது என்பதற்கும் எழுத்திலேயே அடையாளம் உண்டு. மனித ஏட்டில் புரதம் செய்யும் பரம்பரையலகுகள் சுமார் 20,000. முந்நூறு கோடி எழுத்துக்குள் அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று கண்டுபிடிப்பது ஒரு பதம் பிரிக்கும் வேலை.

பாடபேதம் பார்த்தல்

ஒரு நூலுக்குப் பல ஏட்டுப் பிரதிகள் கிடைத்தால் பதிப்பாசிரியர் என்ன செய்வார்? பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார். வேறுபட்ட இடங்களைப் பாடபேதம் என்று குறிப்பார். ஒரே பிழை இரண்டு பிரதியில் இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எழுதப்பட்டவை என ஊகிப்பார். ஹதீஸ் கலை அறிஞர்களும் ஒரே செய்தியின் பல அறிவிப்புகளை ஒப்பிட்டு, ஒரு மேலதிகச் சொல் எந்த அறிவிப்பாளரின் வழியே வந்தது என்று தேடினார்கள். உயிர்த்தகவலியலில் முதல் வருடமோ இரண்டாம் வருடமோ மாணவர் படிக்கும் 'வரிசை ஒப்பீடு' இந்த முறைதான். கண்ணுக்குப் பதில் கணக்கு.

நம்மூர்ப் பெயரிலேயே பார்ப்போம். 'அக்குறணை' என்றும் 'அக்குரணை' என்றும் எழுதுகிறோம். ஐந்து எழுத்தில் நான்கு பொருந்துகின்றன, ஒன்று மாறியிருக்கிறது. பொருந்தினால் ஒரு புள்ளி கூட்டு, பொருந்தாவிட்டால் ஒரு புள்ளி கழி என்று வைத்தால் மொத்தம் 3. இது இலேசு. அடுத்தது: 'கட்டுகஸ்தோட்டை' என்ற பெயரை ஒருவர் அவசரத்தில் 'ஸ்' விட்டுக் 'கட்டுகதோட்டை' என்று எழுதிவிட்டார். முன்னதில் எட்டு எழுத்து, பின்னதில் ஏழு. அப்படியே மேலும் கீழுமாக வைத்தால் முதல் நான்கு எழுத்து பொருந்தும். ஐந்தாவதிலிருந்து எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போய் மூன்று பொருத்தமின்மை, கடைசியில் ஓர் எழுத்து தனியே. கூட்டிக் கழித்தால் பூச்சியம். ஆனால் 'ஸ்' இருந்த இடத்தில் ஒரு வெற்றிடம் விட்டு, அதற்கு ஒரு புள்ளி கழித்துக்கொண்டால் மற்ற ஏழும் பொருந்தும், மொத்தம் 6. எந்த அடுக்கு முறை அதிகப் புள்ளி தருகிறதோ அதுவே உண்மைக்கு அருகில் இருக்கும் என்று கொள்கிறோம்.

எட்டு எழுத்தில் கையால் செய்யலாம். ஆயிரம் எழுத்துள்ள இரண்டு வரிசைகளில் வெற்றிடம் விடக்கூடிய வழிகள் எண்ணி முடியாதவை. 1970இல் நீடில்மன், வுன்ஷ் என்ற இருவர் எல்லா வழியையும் பார்க்காமலே மிகச் சிறந்த வழியைக் கண்டுபிடிக்கும் முறையைத் தந்தார்கள். ஒரு கட்டம் போட்ட அட்டவணை. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் மேலும் பக்கத்திலும் மூலையிலும் உள்ள மூன்று கட்டங்களை மட்டும் பார்த்தால் போதும். சதுரக்கோட்டுக் கொப்பியில் பென்சிலால் செய்து பார்க்கக்கூடியது இது. கோடிக்கணக்கான வரிசைகளுள் ஒன்றைச் சில நொடியில் தேடித் தரும் 'பிளாஸ்ட்' என்ற மென்பொருள் 1990இல் வந்தது. இணையத்தில் இலவசமாக யாரும் பயன்படுத்தலாம்.

இந்த உறவு வெறும் உவமை அல்ல என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. ஆங்கிலக் கவிஞர் சோசரின் 'கேன்டர்பரிக் கதைகள்' நூலின் ஒரு பகுதிக்குக் கிடைத்த 58 கையெழுத்துப் பிரதிகளை, உயிரினங்களின் வம்சாவளி வரையும் அதே கணினி முறையால் ஒப்பிட்டு, எது எதிலிருந்து பிரதி செய்யப்பட்டது என்று 1998இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். நமது சீறாப்புராணப் பிரதிகளுக்கோ அரபுத்தமிழ்க் கிதாபுகளுக்கோ இதை யாராவது செய்ய முன்வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தமிழ் படித்த ஒருவரும் கணினி படித்த ஒருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

ஓர் எழுத்தின் விலை

ஓர் எழுத்து மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு இரத்தத்திலிருந்து விடை சொல்லலாம். குருதியின் ஈமோகுளோபினில் 'பீட்டா' என்ற பகுதியைச் செய்யும் பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. நீளம் சுமார் 1,600 எழுத்து. அதிலிருந்து 146 அமினோவமிலம் கொண்ட புரதம் வருகிறது. அதில் ஓரிடத்தில் ஜீ-ஏ-ஜீ என்று இருக்க வேண்டியது ஜீ-ரீ-ஜீ என்று மாறினால், அந்த மாற்றத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கு அரிவாள்செல் நோய் வருகிறது. வட்டமாக இருக்க வேண்டிய செங்குருதிக் கலம் அரிவாள் போல வளைந்துவிடுகிறது.

நம் நாட்டில் அதைவிட நெருக்கமானது தலசீமியா. பீட்டா தலசீமியாவுக்குக் காரணமாக இலங்கையிலும் இந்தியாவிலும் அதிகம் காணப்படும் ஒரு விகாரம், வெட்டி எறியப்படும் முதல் பகுதியின் ஐந்தாவது எழுத்தில் நிகழ்கிறது. அங்கே ஜீ இருக்க வேண்டிய இடத்தில் சீ வந்துவிடுகிறது. வெட்டி எறியப்படும் பகுதிதானே, மாறினால் என்ன என்று தோன்றும். ஆனால் வெட்ட வேண்டிய இடத்துக்கு அடையாளம் காட்டும் எழுத்துகளுள் அதுவும் ஒன்று. அடையாளம் குழம்புவதால் கலம் பிழையான இடத்தில் வெட்டுகிறது. சரியான புரதம் மிகக் குறைவாகவே உண்டாகிறது. கடுமையான நோயுள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் சில வாரங்களுக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றவும் மருந்து வேண்டும். குருநாகலில் இந்நோய்க்கென்றே ஒரு தேசிய நிலையம் இருப்பது பிரச்சினையின் அளவைச் சொல்கிறது.

ஒரு பிரதி மட்டும் பிழையாக உள்ளவர் காவி. அவருக்கு நோய் இல்லை. தான் காவி என்பதே தெரியாது. இரு காவிகள் மணம் முடித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 வீத வாய்ப்பு. மாமன் மகள், மாமி மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. மார்க்கம் அதை அனுமதிக்கிறது, கட்டாயமாக்கவில்லை. ஒரே பாட்டனாரிடமிருந்து ஒரே பிழைப் பிரதி இருவருக்கும் வந்திருக்கும் சாத்தியம் சொந்தத்துக்குள் கூடுதல். நிக்காஹ் பேசும்போதே எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றால் இதை அறிந்துகொள்ளலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதைச் சொல்லலாம். ஆனால் பெண் காவியென்று தெரிந்தவுடன் 'குறை உள்ள பெண்' என்று பேச்சுக் கிளப்பும் ஊரில் எந்தத் தாய் மகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவாள்? இரு காவிகள் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு அந்த நோய் வரும். ஆண் காவியாக இருப்பதும் அதே அளவு சாத்தியம். ஒருவருடைய பரம்பரைத் தகவல் அவருடையது மட்டுமல்ல, முழுக் குடும்பத்தினதும் கூட. அது அமானிதம். இதைத் தமிழில், நம் பேச்சில், பழுதில்லாமல் விளக்கத் தெரிந்த இளைஞர்கள் ஊருக்கு ஒருவராவது வேண்டும்.

பேராதனையில் நடந்தது

இவையெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கிற காரியம் என்று நினைக்க வேண்டியதில்லை. கண்டியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

டீ.என்.ஏ.யைப் படிக்கும் கருவிகளுள் 'நனோபோர்' என்ற வகை உள்ளங்கைக்குள் அடங்கும். மிக நுண்ணிய துளையினூடாக இழை செல்லும்போது மின்னோட்டத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்கும். கருவி சின்னது, காட்டுக்கும் கிராமத்துக்கும் கொண்டுபோகலாம். ஆனால் அது தரும் தரவை ஆராயப் பெரிய கணினி வேண்டியிருந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்தின் கணினிப் பொறியியல் துறையைச் சேர்ந்தவர்களும் சிட்னியிலுள்ள கார்வன் ஆய்வு நிறுவனத்தினரும் சேர்ந்து, அந்த ஆய்வைச் சாதாரண அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் செய்யும் 'ஜெனோபோ' என்ற செயலியை உருவாக்கினார்கள். ஒன்பது நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட கொரோனா வைரஸின் முழு எழுத்து வரிசையையும் அதனால் கண்டறிந்து காட்டினார்கள். ஒரு மாதிரிக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆனது. 2020இல் 'கொமியூனிகேஷன்ஸ் பயோலஜி' சஞ்சிகையில் அது வெளியானது. பேராசிரியர் ரொஷான் ராகலும், பேராதனையில் கணினிப் பொறியியல் படித்துப் பின் சிட்னியில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஹசிந்து கமாரச்சியும் ஆசிரியர் குழுவில் இருந்தார்கள். நனோபோர் தரவை வேகமாகப் படிக்க உதவும் 'ஸ்லோ5' என்ற கோப்பு முறையையும் 2022இல் கமாரச்சி குழுவினர் வெளியிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெரிய இயந்திரம் வாங்கப் பணம் இல்லாத நாட்டிலிருந்து வந்த யோசனை இது. கையில் இருக்கும் போனில் எப்படிச் செய்வது என்று யோசித்தார்கள். வசதிக் குறைவு ஆய்வுக்கு ஒரு கேள்வியைத் தந்தது.

பட்டப்படிப்பில் என்ன இருக்கும்?

முதலில் பெற்றோர் அறிய வேண்டியது: பட்டத்தின் பெயரில் 'உயிர்த்தகவலியல்' என்று இருக்கிறதா என்று மட்டும் தேடக்கூடாது. பாடத்திட்டத்துக்குள் தேட வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் இது மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்பவியல், கணினி விஞ்ஞானம், புள்ளிவிபரவியல் ஆகிய பட்டங்களின் உள்ளே பாட அலகுகளாகவும் இறுதி வருட ஆய்வாகவும் இருக்கிறது. பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்பவியல் துறையும் புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானத் துறையும் உண்டு. உயிரியல் பிரிவில் படித்த பிள்ளை முதலாவது வாசலாலும் இணைந்த கணிதம் படித்த பிள்ளை இரண்டாவது வாசலாலும் உள்ளே வரலாம். பொறியியற் பீடம் மூன்றாவது வாசல். தமிழ்நாட்டில் இந்தப் பெயரிலேயே இளநிலைப் பட்டங்கள் உள்ளன. இந்திய அரசு இலங்கை மாணவருக்குத் தரும் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் அவற்றையும் பார்க்கலாம்.

எந்த வாசலால் வந்தாலும் நான்கு விடயங்கள் கைவர வேண்டும். ஒன்று, மூலக்கூற்று உயிரியல்: பரம்பரையலகு, புரதம், விகாரம், கலத்தின் செயற்பாடு. இரண்டு, நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும். ஐந்து எழுத்து பொருந்தியது உண்மையான உறவாலா தற்செயலாலா என்று சொல்ல இது இல்லாமல் முடியாது. மூன்று, நிரலாக்கம்: பைதன், ஆர் என்ற கணினி மொழிகளும் லினக்ஸ் இயங்குதளமும். நான்கு, நெறிமுறைகளும் தரவுத்தளங்களும்: மேலே சொன்ன அட்டவணை முறை போன்றவை.

இப்போது புரதத்தின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவால் ஊகிப்பதும் பாடமாகிவிட்டது. 1971இல் ஏழே ஏழு புரத வடிவங்களுடன் ஒரு பொதுத் தரவுத்தளம் தொடங்கியது. 'அல்ஃபாஃபோல்ட்' என்ற நிரல் 2022 அளவில் இருபது கோடிக்கு மேற்பட்ட வடிவங்களை ஊகித்துப் பொதுவில் வைத்தது. 2024இன் இரசாயனவியல் நோபல் பரிசு இவ்வழி வந்தவர்களுக்கே கிடைத்தது. இருபது கோடியையும் ஊகித்த பிறகு வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ஊகம் எங்கே சரி, எங்கே பிழை, அதை வைத்து என்ன கேள்வி கேட்பது என்பதெல்லாம் இன்னும் மனிதர் செய்ய வேண்டியவை.

கற்க ஆய்வுகூடம் தேவையில்லை என்பது நமக்குப் பெரிய வசதி. பெரும்பாலான தரவும் மென்பொருளும் இலவசம். ஓரளவு நல்ல மடிக்கணினி ஒன்றும் இணையமும் போதும். 'ரொசலின்ட்' என்ற இணையத்தளத்தில் எளிய கணக்குகளிலிருந்து கடினமானவை வரை படிப்படியாக இருக்கின்றன. ஒரு வரிசையில் நான்கு எழுத்தும் எத்தனை தரம் வருகின்றன என்று எண்ணுவதே தொடக்கப் பயிற்சி. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் மாதங்களில் வீட்டிலிருந்தே தொடங்கலாம். தூர இடம் அனுப்பத் தயங்கும் பெற்றோரின் பெண் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. ஆனால் இதைச் சாட்டாக வைத்துப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளையை வீட்டில் மறித்து வைக்கக் கூடாது. வகுப்பறையும் ஆய்வுக் குழுவும் தருவதை மடிக்கணினி தராது.

மதில் எங்கே இருக்கிறது?

நம் பிள்ளைகளுக்கு இங்கே இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று ஆங்கிலம். தமிழ் மொழி மூலம் உயர்தரம் எழுதிய பிள்ளை விஞ்ஞான பீடத்தில் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வேண்டும். இது எல்லோரும் அறிந்த தடை. ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள்.

இரண்டாவது தடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது கணிதம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவை எடுக்கும் பிள்ளை உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானம் படிக்கும். சாதாரண தரத்தோடு கணிதம் விடைபெற்றுவிடும். "பயோ செஞ்சா மெத்ஸ் தேவல்லியே" என்று நிம்மதியோடு அந்தப் பிரிவைத் தெரிவு செய்பவர்களும் நிறையப் பேர். பெண் பிள்ளைகளுக்கு 'பயோ', ஆண் பிள்ளைகளுக்கு 'மெத்ஸ்' என்று நாமே ஒரு கோடு கீறி வைத்திருக்கிறோம். இன்றைய உயிரியல் அந்தக் கோட்டுக்குள் அடங்குவதாக இல்லை. பதினாறு வயதில் கணிதப் புத்தகத்தை மூடிய பிள்ளை இருபது வயதில் நிகழ்தகவைக் கண்டு மிரளுகிறது. குறை பிள்ளையில் அல்ல. நான்கு வருடம் தொடாமல் விட்ட எந்தப் பாடமும் அப்படித்தான்.

இதற்குப் பரிகாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. சாதாரண தரக் கணிதத்தில் வரும் நிகழ்தகவு, மடக்கை, வரைபு ஆகியவற்றை உயர்தரக் காலத்திலும் கிழமைக்கு ஒரு மணி நேரம் தொட்டுக்கொண்டே இருந்தால் போதும். பாடசாலைகளில் உயிரியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் தவணைக்கு ஒரு பாடமாவது சேர்ந்து எடுக்கலாம். தலசீமியாக் காவிகள் இருவருக்குப் பிறக்கும் பிள்ளைகளின் நிகழ்தகவைக் கணக்கிடுவது அப்படியொரு பாடம். தமிழ் ஆசிரியரையும் கூப்பிட்டால் பாடபேதம் சொல்லிக்கொடுக்க வருவார்.

சமூகத்துக்கு ஏன் வேண்டும்?

2020 ஏப்ரலிலிருந்து கொவிட் மௌத்துகளை எரிக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்று காரணம் சொல்லப்பட்டது. பச்சிளம் குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தது. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியிலும் பேராதனை மருத்துவ பீடத்திலும் படித்தவரும், 2003இல் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்த குழுவின் தலைவருமான பேராசிரியர் மலிக் பீரிஸ், இது நீரால் பரவும் நோயல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். 2021 பெப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

உயிர்த்தகவலியல் தெரிந்திருந்தால் அந்த ஆணையைத் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அது முழுக்க விஞ்ஞானக் கேள்வியாக இருக்கவும் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் நாம் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம். சட்டத்தரணிகள் நீதிமன்றம் போனார்கள், உலமாக்கள் பேசினார்கள், கவிஞர்கள் எழுதினார்கள். வைரஸைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, இந்தத் தரவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதக்கூடியவர்களை நாம் அங்குமிங்கும் தேடினோம். அதே காலத்தில், 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணி பரவியபோது, ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தினர் வைரஸின் சுமார் 30,000 எழுத்துகளையும் படித்து, அது முன்னர் நாட்டில் காணப்பட்ட வகைகளிலிருந்து வேறுபட்டது என்று அறிவித்தார்கள். நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வதந்தியால் பதில் சொல்வதற்கும் எழுத்தைப் படித்துப் பதில் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை நாடு அப்போது கண்டது. வதந்தியால் அதிகம் அடிபட்ட சமூகம் நாம். வாசிக்கத் தெரிந்தவர்கள் நமக்குள் இருக்க வேண்டிய தேவை மற்றவர்களைவிட நமக்கே கூடுதல்.

வேலை கிடைக்குமா?

கடைசியில் எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பதில் தவறும் இல்லை. உண்மையைச் சொன்னால், இலங்கையில் இந்தப் பெயரில் விளம்பரமாகும் வேலைகள் குறைவு. ஆய்வு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், பரம்பரையலகுப் பரிசோதனை செய்யும் ஆய்வுகூடங்கள் என்று சிலவே உண்டு. கண்டியைச் சுற்றிப் பார்த்தால், ஹந்தானை வீதியில் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கன்னொறுவையில் 1988இலிருந்து இயங்கும் தாவரப் பரம்பரை வள நிலையம், பச்சைப்பெருமாள், சுவந்தல் போன்ற நம் பழைய நெல்லினங்கள் உள்ளிட்ட விதைகளைப் பாதுகாக்கிறது. நெல்லின் முழு ஏடு 2005இலேயே படிக்கப்பட்டுவிட்டது. வரட்சியைத் தாங்கும் இயல்பு நம் இனங்களில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேட ஆட்கள் வேண்டும்.

மற்றப்படி, இத்துறையில் போகிறவர் பட்டத்தோடு நிற்க முடியாது. முதுமாணி, கலாநிதி என்று போக வேண்டிவரும். ஆய்வு உதவித்தொகையோடு வெளிநாட்டில் படிக்க வாய்ப்புள்ள துறைகளுள் இது ஒன்று. அப்படிப் போக விரும்பாதவருக்கும் நிரலாக்கமும் புள்ளிவிபரமும் கைவசம் இருப்பதால் மென்பொருள், தரவு ஆய்வு வேலைகளுக்குப் போகலாம். மருத்துவருக்குக் கிடைக்கும் ஊர் மரியாதை உடனே கிடைக்காது. 'உங்கட மகன் என்ன செய்றார்?' என்று கேட்டால் வாப்பா ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாமல் தடுமாறுவார். அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்திலெப்பை, ஆங்கிலக் கல்வியைக் கண்டு சமூகம் ஒதுங்கி நின்ற காலத்தில், 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி அந்தக் கல்வி ஏன் வேண்டும் என்று எழுதினார். அன்றைய பெற்றோரும் "அதைப் படிச்சி என்னத்தைச் செய்ற?" என்றுதான் கேட்டிருப்பார்கள். முதல் வஹீயே வாசிப்பைப் பற்றிப் பேசிய ஒரு மார்க்கத்தின் மக்கள் நாம். அல்லாஹ் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் எழுதி வைத்ததைப் படிக்கும் கல்வி நம் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, சாதாரண தரம் முடிந்து பிரிவு தெரிவு செய்ய நிற்கும் பிள்ளையிடம் இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம்: "பயோ எடுக்கிறது சரி மகள், கணக்குப் புத்தகத்தை எங்கே வெச்சிருக்கிறாய்?"